மறுமொழி மடலின் முறைமை

ஒருவர் வினவ மற்றொருவர் விடை பகர்வது எளிய செயல் போலவே தோன்றும். ஆயினும் வினாவும் விடையும் வழுவாமற் காத்தல் வேண்டுமெனத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே விதித்துள்ளது. ஒருவர் முகத்தை ஒருவர் காணாது, மின்னஞ்சல் வழியாகவே கூடித் தொழில் புரிவோர்க்கு இவ்விதி பெரிதும் பயன்படும். அத்தகையோர் கைக்கொள்ளும் மறுமொழி முறையினை ஈண்டு நோக்குவோம்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களுள் ஒன்று லினக்ஸ். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் பின்லாந்தில் மாணவராயிருந்தபொழுது, 1991ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம். திருத்தம் எழுதி அனுப்பலாம். திருத்தங்கள் மின்னஞ்சலில் வருகின்றன. அவற்றின் நிறைகுறைகள் பலருக்கும் ஒருசேரச் செல்லும் மடல்களில் ஆராயப்படுகின்றன. அம்மடல்கள் சேமித்து வைக்கப்பட்டுப் பல்லாண்டு கழிந்தும் படிக்கக் கிடைக்கின்றன.

ஆகவே, விடை எழுதுவோர்க்கு வாசகர் மூவகையினர். வினவியவர் ஒருவர், உடனிருந்து படிப்போர் பலர், 'இம்முடிவு எக்காரணத்தால் எடுக்கப்பட்டது?' எனப் பின்னாளில் தேடி வருவோர் மூன்றாமவர். இம்மூன்றாமவரை மறவாதிருப்பதே மறுமொழி முறையின் உயிர்நிலை எனலாம்.

முதலாவது, விடை நிற்கும் இடம். வந்த மடலின் வரிகளை மேற்கோளாகக் காட்டுங்கால், ஒவ்வொரு வரியின் முன்னும் கூர்முனைக் குறியொன்று இடப்படும். அவ்வரியின் கீழேயே அதற்குரிய விடையை எழுதுதல் வேண்டும். செய்யுளின் ஒரு தொடரை எடுத்துக் காட்டி, அதன்கீழ்ப் பொருள் விரிக்கும் உரையாசிரியர் முறையைத் தமிழாசிரியர் நன்கறிவர், இதுவும் அதுபோன்றதே. ஒருவர் மூன்று ஐயங்களை எழுப்பியுள்ளார் எனக் கொள்வோம். மடல் முழுவதையும் கீழே விட்டு, மேலே 'ஆம், இசைகிறேன்' என்று மட்டும் எழுதினால், எந்த ஐயத்திற்கு இசைந்தார் என்பது விளங்குமா?

இரண்டாவது, களைதல். அஞ்சல் செயலிகள் பல பழைய மடல் முழுவதையும் தாமே ஒட்டிவிடுகின்றன. இணையப் பழக்க நெறிகளைத் தொகுத்து 1995ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 1855ஆம் எண் ஆவணம், பொருள் விளங்குதற்கு வேண்டிய பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு கூறுகிறது. ஆயினும் ஒருவர் கூற்றின் கருத்துத் திரியுமாறு வெட்டுதல் கூடாது. அக்கூற்று எவருடையது என்பதைக் காட்டும் வரியையும் நீக்கலாகாது.

மூன்றாவது, தொடர்ச்சி. ஒவ்வொரு மடலுக்கும் தனியடையாளம் ஒன்று உண்டு. மறுமொழி, தான் எதற்கு விடையோ அதன் அடையாளத்தைத் தாங்கிச் செல்லும். அதனால் மடல்கள் ஒரு குடிவழிப் படம்போலக் கிளைத்து நிற்கும். புதுச் செய்தியைப் பழைய மடலுக்கு மறுமொழியாக எழுதி, தலைப்பை மட்டும் மாற்றினால், அது வேறொரு கிளையில் மறைந்துபோகும். பொதுவில் எழுந்த ஐயத்திற்கு ஒருவருக்கு மட்டும் தனித்து விடையனுப்பினாலோ, மற்றையோர்க்கு அவ்விடை இல்லாததேயாகும்.

நான்காவது, சொல்லின் இனிமை. சினத்தோடு எழுதிய மடலை ஓரிரவு பொறுத்து அனுப்புமாறு மேற்கூறிய ஆவணமே அறிவுறுத்துகிறது. கடுஞ்சொற்களுக்குப் பேர்பெற்றிருந்த டோர்வால்ட்ஸ், 2018 செப்டம்பரில் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் பணியினின்றும் ஒதுங்கியிருந்தார். அம்மாதமே லினக்ஸ் குழுவினர் நடத்தை நெறியொன்றை ஏற்றனர். குறை திருத்தத்தில் இருப்பின் திருத்தத்தைச் சுட்டுக. எழுதியவரைச் சுட்டுதல் வேண்டா. முதன்முறை எழுதத் துணிந்த இளைஞன் ஒருவன் ஒரு சுடுசொல்லால் விலகிவிட்டால், இழப்பு அவனுக்கு மட்டுமன்று. அவன் செய்யக்கூடிய பணியை எதிர்நோக்கிய அனைவர்க்குமே ஆகும்.

மாணவர்க்கு மடல் எழுதப் பயிற்றும் ஆசிரியர் இம்முறைகளையும் சேர்த்துக் கற்பித்தல் நன்று. அனுப்பு முன் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்: பத்தாண்டு கழித்து, இந்த ஒரு மடலை மட்டும் காணும் அயலார்க்கு இது விளங்குமா? விளங்கும் எனின் அது நல்ல மறுமொழியாம்.