ஒற்றை எண்ணை நம்பி ஊசி போடலாமா?

தீராத சோர்வு, சரியாக வராத தூக்கம், தாம்பத்தியத்தில் நாட்டமின்மை என்று நாற்பதைத் தொட்ட ஆண்கள் சொல்லும் குறைகளுக்கெல்லாம் இப்போது டெஸ்டோஸ்டிரோன் குறைவுதான் காரணம் என்று சொல்லிவிடுகிறார்கள். ‘முழு உடல் பரிசோதனை’ பட்டியல்களிலும் இந்த ஹார்மோன் சேர்ந்துவிட்டது. அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘குறைவு’ என்று அச்சாகியிருந்தால் போதும், அதுவரை நன்றாக இருந்தவர் நோயாளியாகிவிடுகிறார். அந்த ஒற்றை எண்ணை வைத்து ஊசிக்கோ ஜெல்லுக்கோ போவது தவறு. மருத்துவ ஆதாரங்களும் அதைத்தான் சொல்கின்றன.

முதலில், அந்த எண்ணே நிலையானதல்ல. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கும். சாப்பிட்டவுடன் குறையும், காய்ச்சலிலும் தூக்கம் கெட்டாலும் குறையும். அலுவலகம் முடிந்து, டிபனும் சாப்பிட்டுவிட்டு ஆய்வகத்தில் கை நீட்டுபவருக்கு வரும் எண், அதே மனிதரின் காலை வெறும் வயிற்று எண்ணைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய இரண்டு சதவீதம்தான் தனியாக உலவும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு அந்தப் புரதங்களில் ஒன்று குறைவாக இருப்பதால், மொத்த அளவு குறைந்து தெரியும். தனித்து உலவும் பகுதி சரியாகவே இருக்கலாம். எல்லைக்கோட்டிலும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் 2018இல் ஒரு டெசிலிட்டருக்கு 264 நானோகிராம் என்றது. அதே ஆண்டு அங்குள்ள சிறுநீரியல் சங்கம் 300 என்றது. 280 உள்ளவர் ஒரு கணக்கில் நலமானவர், இன்னொன்றில் குறைபாடு உள்ளவர். அதனால்தான், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை காலையில் எடுத்த அளவும் குறைவாக இருந்து, அறிகுறிகளும் இருந்தால் மட்டுமே குறைபாடு என்று சொல்ல வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன.

அறிகுறிதான் இருக்கிறதே, சோர்வு போதாதா என்று கேட்கலாம். போதாது. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், குறைந்த டெஸ்டோஸ்டிரோனோடு தெளிவாகப் பொருந்திவந்தவை மூன்று பாலியல் அறிகுறிகள் மட்டுமே: காலை விறைப்பு குறைவது, ஆசை குறைவது, விறைப்புக் கோளாறு. இவற்றோடு ரத்த அளவும் குறைந்திருந்தவர்கள் 2.1 சதவீதத்தினர். சோர்வுக்குப் பின்னால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோய், மனச்சோர்வு, குறட்டையோடு வரும் மூச்சுத்தடை என்று எத்தனையோ இருக்கலாம். ஹார்மோன் மீது பழியைப் போட்டால் இவை கவனிக்கப்படாமலே போகும்.

‘குறைந்ததைக் கொடுத்தால் நல்லதுதானே’ என்ற வாதத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 65 வயதைக் கடந்த, அளவு உண்மையிலேயே குறைந்திருந்த 790 ஆண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2016இல் வெளியானது. ஓராண்டு சிகிச்சையில் பாலுறவு நாட்டம் ஓரளவு கூடியது. சுறுசுறுப்பில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்று காட்டியது உண்மை. அதே ஆய்வில் ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் ரத்தக்கட்டும் சற்று அதிகம் காணப்பட்டன.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இளைஞர்கள்தான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். பிட்யூட்டரி சுரப்பி விதைப்பைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உருவாக விதைப்பைக்குள்ளேயே இந்த ஹார்மோன் ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு வேண்டும். உத்தரவு நின்றால் அது வற்றும், விந்தணு உற்பத்தியும் நின்றுபோகும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்துக்குள் பெரும்பாலானோருக்கு விந்தணுவே இல்லாமல் போனது. நிறுத்தினால் பொதுவாகத் திரும்பும், ஆனால் பல மாதங்கள் ஆகும். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார் என்று போட்டுக்கொள்பவரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

பிட்யூட்டரி கட்டி, கிளைன்ஃபெல்டர் குறைபாடு, விதைப்பை பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்த மருந்து அவசியமானது. அவர்கள் தயங்கக் கூடாது. மற்றவர்கள், தொப்பையைக் குறைத்து, தூக்கத்தைச் சரிசெய்து, வேறொரு நாள் காலை வெறும் வயிற்றில் மறுபடி சோதித்துப் பாருங்கள். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், முதல் ஊசிக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.