கோட்டின் இடையே ஒரு புள்ளி

கொழும்பு மாளிகாவத்தையில், தொடர்மாடி வீடொன்றில் வரைபுத்தாளை விரித்து அமர்ந்திருக்கும் மாணவன், இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டை 3 : 1 என்னும் விகிதத்திற் பிரிக்கும் புள்ளியைத் தேடுகின்றான். இக்கணக்கு எதற்கு உதவும் என்று அவன் வினவுதல் இயல்பே. பாக்குநீரிணையில் இரவு முழுதும் வலைவீசும் மீனவனின் வாழ்வு அதற்கு விடை கூறும்.

1974ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, பாக்குநீரிணை முதல் ஆதாம் பாலம் வரையுள்ள கடல் எல்லையை ஆறு புள்ளிகளால் வகுத்தது. அப்புள்ளிகளுக்கு மட்டுமே அகலாங்கும் நெட்டாங்கும் தரப்பட்டன. கடலில் வேலியுமில்லை, வரப்புமில்லை. ஆதலின் இரு புள்ளிகளுக்கு இடையே எல்லை செல்லும் இடத்தைக் கணித்தே அறிதல் வேண்டும்.

முதலாம் புள்ளி வடக்கு அகலாங்கு 10 பாகை 5 கலையிலும், கிழக்கு நெட்டாங்கு 80 பாகை 3 கலையிலும் உள்ளது. இரண்டாம் புள்ளி முறையே 9 பாகை 57 கலையிலும், 79 பாகை 35 கலையிலும் உள்ளது. ஒரு பாகை அறுபது கலைகளைக் கொண்டது.

முதலாம் புள்ளியிலிருந்து இரண்டாம் புள்ளி நோக்கி முக்காற் பங்கு தூரம் சென்றால் எவ்விடம் வரும்? அகலாங்கு வேறுபாடு 8 கலை. அதன் முக்காற் பங்கு 6. நெட்டாங்கு வேறுபாடு 28 கலை. அதன் முக்காற் பங்கு 21. இவற்றைக் கழிக்க, 9 பாகை 59 கலை, 79 பாகை 42 கலை என்னும் இடம் கிடைக்கின்றது. இயல்பொத்த முக்கோணிகளின் பக்கங்கள் ஒரே விகிதத்தில் அமைவதே இதற்குக் காரணம். உடன்படிக்கை கூறுவது பெருவட்ட வில்லாயினும், இச்சிறு தொலைவில் அது நேர்கோட்டிலிருந்து சில மீற்றரே விலகும்.

பாடநூற் சூத்திரமும் இதையே சொல்கின்றது. இரண்டாம் முனையின் ஆள்கூற்றை மூன்றாற் பெருக்கி, முதலாம் முனையின் ஆள்கூற்றைக் கூட்டி, நான்கால் வகுத்தல் வேண்டும். அண்மையிலுள்ள முனைக்கே பெரிய எண் உரியது. தராசுக்கோலின் சமநிலைப் புள்ளி பாரமான பக்கத்தை அண்டி நிற்பதும் இவ்வாறே.

மாணவர் பலர் தவறுவது இவ்விடத்திலேதான். எண்களை மாற்றிப் பெருக்கினால் 10 பாகை 3 கலை, 79 பாகை 56 கலை என்னும் புள்ளி வரும். அதுவும் எல்லைக்கோட்டின் மேலேயே இருப்பதாற் பிழை எளிதிற் புலப்படாது. ஆயினும் உரிய புள்ளிக்கும் அதற்கும் இடையே பதினான்கு கடல் மைல் தூரம் உண்டு.

நெட்டாங்கு 79 பாகை 42 கலையில், அகலாங்கு 10 பாகையில் ஒரு படகு நிற்பதாகக் கொள்வோம். அங்கே எல்லையின் அகலாங்கு 9 பாகை 59 கலை. எனவே படகு எல்லைக்கு ஒரு கலை வடக்கே, ஏறக்குறைய ஒரு கடல் மைல் தள்ளி, இந்தியப் பக்கத்தில் உள்ளது. இரண்டு கலை தெற்கே நகர்ந்தால் அது இலங்கைக் கடல். தவறான விடையாகிய 10 பாகை 3 கலையை எல்லையெனக் கொண்டவனோ, முதலில் நின்ற இடத்தையே இலங்கைக் கடலென்று கருதுவான்.

அக்கடலில் எல்லை தாண்டியதாகப் படகுகள் பிடிக்கப்படுவதும், மீனவர் சிறைப்படுவதும் நாம் அறிந்தவை. அவற்றுக்கெல்லாம் கணக்குப் பிழை காரணமன்று. எனினும், தான் நிற்கும் இடம் எதுவென்று தெளிந்த பின்னரே எவனும் தன் உரிமையைப் பேச இயலும். மாளிகாவத்தை மாணவன் வரைபுத்தாளில் இடும் சிறு புள்ளி அத்தெளிவுக்கு வழிகாட்டுகின்றது.