தளபாடங்களுக்கான கூம்பு வடிவ உருண்டைக் கால்கள்: சுழல் சி.என்.சி. இயந்திரத்தில் செய்யும் முறை

வீட்டுக்குக் கூரை போட்டு முடிந்ததும் குடும்பங்கள் அடுத்துத் தேடுவது கட்டில், மேசை, கதிரை ஆகியவற்றையே. இதனால் மீள்குடியேறிய இடங்களில் தச்சு வேலை தெரிந்தவர்களுக்குக் கேள்வி இருக்கிறது. கைவேலைத் தச்சர்களுக்கு அதிக நேரம் பிடிக்கும் பகுதிகளில் ஒன்று கால். மேலே பருத்துக் கீழே மெலிந்து வரும் உருண்டைக் கால் நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பொதுப் பட்டறை ஒன்றில் கணினி மூலம் இயங்கும் சுழல் இயந்திரத்தில் வேலை பழக விரும்புவோருக்கும், அங்கே கால்களைக் கடைந்து எடுக்க விரும்பும் தச்சர்களுக்கும் இப்பகுதி எழுதப்பட்டுள்ளது.

சாதாரண கடைச்சல் இயந்திரத்தில் மரம் வேகமாகச் சுழலும். தச்சர் உளியைக் கையால் பிடித்துச் செதுக்குவார். சி.என்.சி. இயந்திரத்தில் மரம் மெதுவாகத் திரும்பும்; அதன்மேல் வேகமாகச் சுழலும் வெட்டலகு, கணினியில் கொடுத்த அளவின்படி நீளவாக்கிலும் மேலும் கீழுமாகவும் நகரும். நான்கு கால் மட்டும் வேண்டுமென்றால் நல்ல கடைச்சற்காரரிடம் கொடுப்பதே இலகு. நாற்பது கால் ஒரே அளவில் வேண்டும்போதுதான் இந்த இயந்திரம் பயன் தரும்.

முதலில் மரம்

போர் நடந்த பிரதேசங்களில் நின்ற மரங்களுக்குள் குண்டுச் சிதறல்களும் சன்னங்களும் புதைந்திருக்கக்கூடும். பட்டை மூடி வளர்ந்துவிட்டால் வெளியே தெரியாது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழலும் வெட்டலகு இரும்பில் பட்டால் உடைந்து தெறிக்கும். ஆகவே மரக்காலையில் அரிவதற்கு முன்னும், அரிந்த கட்டையை இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன்னும் உலோகங் காட்டும் கருவியால் முழுவதும் பாருங்கள். பட்டையில் பழைய தழும்போ, பலகையில் நீலக் கறுப்பான கறையோ இருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆழத்தில் உள்ளதை அது காட்டாது. கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத காணிக்குள் மரம் தறிக்கப் போகவே கூடாது.

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவை சொந்த வளவில் நின்றாலும் 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதியின்றித் தறிக்க முடியாது. வேறு பல மரங்களை வண்டியில் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். தறிப்பதற்கு முன் கிராம அலுவலரிடம் கேட்டு, பிரதேச செயலகத்தின் மூலம் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

காலுக்கு வைரப் பகுதி வேண்டும்; ஆனால் மரத்தின் நடுக்குருத்து கட்டைக்குள் வரக்கூடாது, வந்தால் வெடிக்கும். நார் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். நார் சாய்ந்து ஓடும் கட்டை, மெலிந்த அடிப்பக்கத்தில் பாரம் தாங்காமல் முறியும். கட்டைகளை வெயிலில் போடாமல், நிழலில் இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, இரு முனைகளிலும் பெயின்ற் பூசுங்கள். ஒரு துண்டை வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றபின் கடையலாம்.

ஓர் உதாரணம்

மேலே 50 மில்லிமீற்றர், அடியில் 30 மில்லிமீற்றர் குறுக்களவும் 400 மில்லிமீற்றர் நீளமும் உள்ள ஒரு கதிரைக் காலை எடுத்துக்கொள்வோம். இருக்கையின் துளைக்குள் இறங்க, மேலே 25 மில்லிமீற்றர் குறுக்களவில் 30 மில்லிமீற்றர் நீளமான கழுந்து வேண்டும். இரு முனைகளிலும் பிடிப்பதற்கு 25 மில்லிமீற்றர் வீதம் விட்டால், 55 மில்லிமீற்றர் சதுரமும் 480 மில்லிமீற்றர் நீளமும் உள்ள கட்டை போதும்.

கட்டையின் இரு முனைகளிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு நடுவைக் குறியுங்கள். ஒரு முனையைச் சக் எனப்படும் பிடியில் இறுக்கி, மறுமுனையைக் கூம்பு ஊசியால் தாங்குங்கள். ஊசியை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் மெல்லிய கால் நடுவில் வளைந்து அதிரும், மேற்பரப்பில் அலை அலையாகக் கோடு விழும்.

இனி வெட்டலகின் உயரம். மற்ற வேலைகளில் மரத்தின் மேற்பரப்பைச் சுழியமாக வைப்பார்கள். இங்கே மரம் சுழலும் அச்சின் நடுவே சுழியம். குறுக்களவு தெரிந்த ஓர் உருண்டைக் கம்பியைப் பிடியில் பூட்டி, வெட்டலகை இறக்கி அதன் மேல்முகத்தில் தொடவைத்து, கம்பியின் குறுக்களவில் பாதியை அந்த உயரமாகக் கொடுத்தால் சரி. சதுரக் கட்டையின் மூலைகள் அச்சிலிருந்து 39 மில்லிமீற்றர் தூரத்தில் சுற்றி வரும். எனவே வெறுமனே நகரும்போது வெட்டலகு அச்சுக்கு மேல் 45 மில்லிமீற்றருக்குக் குறையாமல் நிற்க வேண்டும். பழகுபவர்கள் தட்டையான பலகையில் வேலை செய்த நினைப்பில் இதை மறந்து, மூலையில் மோதவிடுவது உண்டு.

முதற் சுற்றில் தட்டை முனை வெட்டலகால் ஒரு தடவைக்கு 3 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் ஆழம் கொடுத்து, கடைசி அளவுக்கு மேல் 1 மில்லிமீற்றர் மிச்சம் விட்டு வெட்டுங்கள். முதிரை, பாலை போன்ற வைரமான மரங்களுக்கு அதிலும் குறைக்க வேண்டும். இறுதிச் சுற்றில் உருண்டை முனை வெட்டலகு, திருகாணியின் புரிபோல் சுற்றிச் சுற்றி நகர்ந்து மிச்சத்தை எடுக்கும். சுற்றுக்கு 2 மில்லிமீற்றர் நகர்ந்தால் 400 மில்லிமீற்றருக்கு 200 சுற்று. நிமிடத்துக்கு 2 மீற்றர் வெட்டும் வேகத்தில் இந்தச் சுற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 13 நிமிடம் போகும். கூலி பேசும்போது இந்தக் கணக்கு உதவும்.

முதற் காலை இறக்குவதற்கு முன் அளந்து பாருங்கள். இந்தக் கால் ஒவ்வொரு 100 மில்லிமீற்றருக்கும் 5 மில்லிமீற்றர் மெலிய வேண்டும். நடுவில் 40 இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் 2 மில்லிமீற்றர் கூடுதலாக இருந்தால் உயரச் சுழியம் 1 மில்லிமீற்றர் தவறியிருக்கிறது. பிடியின் பக்கம் சரியாகவும் ஊசியின் பக்கம் பிழையாகவும் இருந்தால், ஊசியின் உயரம் பிடியின் உயரத்தோடு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். கழுந்தைக் கட்டாயம் தனியாக அளக்கவும். அரை மில்லிமீற்றர் குறைந்தாலே கால் ஆடும்.

வெட்டும் நடுவில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர முயல வேண்டாம். மின்சாரம் வந்ததும் வெட்டலகை உயர்த்தி, எல்லா அச்சுகளையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, அந்தச் சுற்றை முதலிலிருந்து ஓடவிடுங்கள். கட்டையைப் பிடியிலிருந்து கழற்றாமல் இருந்தால் காலைக் காப்பாற்றலாம்.

அரத்தாள் போடும்போது வெட்டலகை நிறுத்தி உயர்த்திவிட்டு, மரத்தை மட்டும் மெதுவாகச் சுழலவிடுங்கள். கையுறை, தாவணி, தொங்கும் சேலைத் தலைப்பு, அவிழ்த்த கூந்தல் எதுவும் அருகில் வரக்கூடாது. கண்ணாடியும் முகமூடியும் அணியுங்கள். மரத்தூள் சுவாசத்தைப் பாதிக்கும்.

வாழ்வாதார உதவிப் பணம் முழுவதையும் கொடுத்து இத்தகைய இயந்திரத்தைத் தனியாக வாங்க நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். முதலில் ஒரு பட்டறையில் கூலிக்குக் கடைந்து, சில மாதங்கள் கதிரை விற்றுப் பாருங்கள். இடம்பெயர்வில் சான்றிதழ்களை இழந்த அனுபவமுள்ள தச்சர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ்ப் பரீட்சிக்கப்பட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். அதற்குத் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் தேசிய அடையாள அட்டையுடன் விசாரியுங்கள்.