பழுதாகாத கணினி பழையதானது எப்படி?

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் முதற் கிழமையில் எமது கிராமிய நிலையமொன்றுக்குச் சென்றிருந்தோம். பின்னேர வகுப்புக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி எம்மைக் கண்டதும், "பாதர், பதினாலாந் திகதிக்குப் பிறகு இந்தக் கொம்பியூட்டர் ஒண்டும் வேலை செய்யாதாமே, உண்மையோ?" என்று கேட்டாள்.

அந்த நிலையத்தில் உள்ளவை ஆறு கணினிகள். ஆறும் வெளிநாட்டில் வாழும் அன்பர்கள் பாவித்துவிட்டு அனுப்பியவை. காலையில் மாதர் சங்கத்தின் சேமிப்புக் கணக்குகள் அவற்றில் எழுதப்படுகின்றன. பின்னேரத்தில் பிள்ளைகள் படிக்கின்றனர். அன்றும் ஆறும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் பட்டணத்தில் யாரோ, இனி இவற்றை எறியவேண்டியதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். பொறுப்பாக இருந்த அருட்சகோதரியின் முகத்திலும் கவலை தெரிந்தது.

"இல்லை மகள், வேலை செய்யும்" என்று பதில் சொன்னோம். அந்தப் பதில் சரியானதே. ஆனால் முழுமையானதன்று. வேலை செய்யும் ஒரு பொருள் எப்படிப் பழையதாகிறது, அதனைப் பழையது என்று தீர்மானிப்பவர் யார் என்பதை எமது வாசகர்களுடன் சேர்ந்து சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் அறிவிப்பின் கதை

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம் 2015ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர், அந்நிறுவனத்தின் பணியாளர் ஒருவர் கூட்டமொன்றில் பேசும்போது, இதுவே விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று குறிப்பிட்டார். பலரும் அதனை நம்பினர்.

2021ஆம் ஆண்டு யூன் 24ஆம் திகதி விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டது. பழைய பதிப்பை வைத்திருந்தோர் புதியதை இலவசமாகப் பெறலாம் என்றார்கள். ஆனால் கணினியில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இரகசியத் திறவுகோல்களைக் காப்பதற்கென அமைந்த ஏற்பாடு அது. அத்துடன் கணினியின் மூளையாகிய புரொசெசர் குறிப்பிட்ட தலைமுறையைச் சேர்ந்ததாயும் இருக்க வேண்டும். இன்டெல் புரொசெசராயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். எட்டாம் தலைமுறை 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே சந்தைக்கு வந்தது. ஆகவே 2017இல் புத்தம் புதிதாய் வாங்கப்பட்ட கணினிகளிற் பெரும்பாலானவை, நான்கே ஆண்டுகளில் தகுதியற்றவையாயின.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவடையும் என்பதும் அறிவிக்கப்பட்டிருந்தது. இதனால் ஏறத்தாழ 240 மில்லியன் கணினிகள் கழிவுக் குவியலைச் சேரக்கூடும் என்று கனலிஸ் என்னும் ஆய்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டின் இறுதியில் மதிப்பிட்டது.

ஒரு நிறுவனம் அறிவித்தால் அதனைச் சுற்றியுள்ளவர்கள் எல்லாரும் நகர வேண்டியதாகிறது. கணினி செய்வோர் புதிய மாதிரிகளை விளம்பரப்படுத்துகிறார்கள். பிரின்டர் செய்வோரும் செயலிகள் எழுதுவோரும் காலப்போக்கிற் பழைய பதிப்பைக் கைவிடுகிறார்கள். இந்தச் சங்கிலியின் கடைசி வளையம், அன்பளிப்பாய் வந்த கணினியின் முன் அமர்ந்திருக்கும் எமது கிராமத்துப் பிள்ளை.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

இவையெல்லாம் வெறும் வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிடுவது நேர்மையாகாது. மென்பொருளிற் காலத்துக்குக் காலம் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்காவிட்டால் திருடர் நுழைவர். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வன்னாகிரை என்ற தீங்குநிரல் சுமார் 150 நாடுகளில் 200,000க்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளில் நோயாளரின் சிகிச்சைகள்கூடத் தள்ளிவைக்கப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. அதனைப் பொருத்தாதிருந்தவர்களும், ஆதரவு முடிந்துபோன பழைய பதிப்புகளை வைத்திருந்தவர்களுமே அகப்பட்டனர்.

ஆகவே ஆதரவு முடிந்த கணினி மறுநாளே நின்றுவிடுவதில்லை. ஓட்டுக்கூரையில் ஓடு விலகினால் வீடு அன்றே விழுவதில்லை. ஆனால் மழை வரும்போது ஒழுகும். ஆதரவு என்பது அந்த ஓட்டைச் சரிசெய்து தருவதாகும். எமது மாணவிக்கு நாம் சொல்லாமல் விட்ட மிகுதிப் பதில் இதுதான்.

கைத்தொலைபேசியிலும் இதே நிலைமை

கிராமங்களிற் கணினியிலும் பார்க்கக் கைத்தொலைபேசியே அதிகம். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, எமது பிள்ளைகளுக்குப் பாடங்கள் பெரும்பாலும் வட்ஸ்அப் மூலமே வந்தன. ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாவித்த வீடுகளை நாம் அறிவோம். அந்த வட்ஸ்அப் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்துடன் அன்ட்ரொயிட் 5.0க்கு முந்திய தொலைபேசிகளைக் கைவிட்டது. தொலைபேசியில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் பாடம் வராது.

2022ஆம் ஆண்டில் எமது நாட்டில் டொலரின் விலை 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க முடியாது. அதன்பின் ஒரு தொலைபேசியை மாற்றுவதென்பது கூலித்தொழிலாளி ஒருவருக்குச் சிறிய காரியமன்று. புதியதை வாங்க இயலாதவர் பழையதை வாங்குகிறார். பழையதை வாங்குபவர் அதன் ஆயுளின் கடைசிப் பகுதியையே வாங்குகிறார். எனவே ஒவ்வோர் அறிவிப்பும் முதலில் ஏழையின் கதவையே தட்டுகிறது.

ஒரே திருத்தம், பல விலைகள்

இனி நாம் சொல்ல விரும்பும் முக்கியமான விடயத்துக்கு வருவோம்.

ஒக்டோபர் 14க்குப் பின்னரும் விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் எழுதப்படுவது நின்றுவிடவில்லை. அவற்றை மேலும் ஓராண்டுக்கு, 2026 ஒக்டோபர் 13 வரை, பெற விரும்பும் தனியாட்கள் 30 டொலர் செலுத்தலாம் என்று 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. நிறுவனங்களுக்கு முதலாண்டில் ஒரு கணினிக்கு 61 டொலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இரட்டிக்கும். கல்வி நிறுவனங்களுக்கு முதலாண்டில் 1 டொலர். ஆறு கணினிகள் உள்ள எமது நிலையத்தை நிறுவனமாகக் கொண்டால், டொலரொன்று ஏறத்தாழ 300 ரூபாயாக, முதலாண்டுக்கே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தொகை. அதே நிலையம் கல்விக்குரியதென ஏற்கப்பட்டால் இரண்டாயிரம் ரூபாய்கூட வராது.

பல நாடுகளின் பாவனையாளர் அமைப்புகள் இதனை எதிர்த்தன. 2025 யூன் மாதத்தில், கணினியின் அமைப்புகளை நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்திற் பிரதிசெய்து வைக்கச் சம்மதிக்கும் தனியாட்களுக்குக் கட்டணம் இல்லை என்று கூறப்பட்டது. ஐரோப்பாவின் பாவனையாளர் சங்கங்கள் அதனோடும் அடங்கவில்லை. செப்டெம்பர் மாதத்தில், ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் வாழும் தனியாட்களுக்கு அந்த நிபந்தனையும் நீக்கப்பட்டது.

திருத்தம் ஒன்றே. அதன் விலையோ 61 டொலர், 30 டொலர், 1 டொலர், இலவசம். இவ்வாறாயின், இந்தக் கணினிகள் பழையதாவது பயிர் முதிர்வதைப்போல இயற்கையாய் நிகழ்வதன்று. மனிதர் எடுத்த தீர்மானம் அது. மனிதர் எடுத்த தீர்மானத்தை மனிதர் ஒன்றுசேர்ந்து மாற்றவும் முடியும். ஒன்றுசேர்ந்து கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கேட்காதவர்கள் நிபந்தனைக்கு உடன்பட்டனர், அல்லது பணம் கட்டினர்.

வேறு சான்றுகளும் உண்டு. புதுப்பிப்புகளாற் பழைய தொலைபேசிகள் மந்தமானதற்காக 2018ஆம் ஆண்டில் இத்தாலி அப்பிள் நிறுவனத்துக்கு 10 மில்லியன் யூரோவும் சம்சுங் நிறுவனத்துக்கு 5 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்தது. 2023இல் கூகிளும் 2024இல் சம்சுங்கும் தமது உயர்ரகத் தொலைபேசிகளுக்கு ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு வழங்குவதாக அறிவித்தன. 2025 யூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதிகளோ, ஒரு மாதிரியின் கடைசித் தொலைபேசி சந்தைக்கு விடப்பட்ட பின்னரும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு மென்பொருட் புதுப்பிப்புகளையும், ஏழு ஆண்டுகளுக்கு உதிரிப்பாகங்களையும் வழங்கவேண்டும் என்கின்றன.

விண்டோஸ் 10 வெளிவந்த அதே 2015ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். எறிந்துவிடும் கலாசாரம் பொருட்களோடு நில்லாது மனிதரையும் ஒதுக்கிவிடுகிறது என்ற எச்சரிக்கை அதில் உண்டு. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 62 மில்லியன் தொன் மின்கழிவு சேர்ந்தது. முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது அதில் நூற்றுக்கு 22.3 பங்கு மாத்திரமே. எஞ்சியதிற் பெரும்பங்கை யார் கிளறுகிறார்கள், யாருடைய நிலத்தடி நீரில் அது கலக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வாங்குமுன் வயதைக் கேட்போம். மாடு வாங்குபவர் பல்லைப் பார்ப்பார். கணினியும் தொலைபேசியும் வாங்குபவர், இதற்கு எந்த ஆண்டுவரை புதுப்பிப்பு உண்டு என்று கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து அனுப்ப விரும்பும் அன்பர்களிடமும் வெட்கப்படாமல் இதைக் கேட்கலாம்.

இரண்டாவது, வேலைகளைப் பிரிப்போம். அந்த நிலையத்தில் மாதர் சங்கக் கணக்குகள் உள்ள கணினி இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. கணக்குகளின் பிரதியொன்று வாரந்தோறும் தனியாக எடுத்து வைக்கப்படுகிறது. பழைய கணினியில் வங்கி அலுவல்கள் செய்வதும் நிறுத்தப்பட்டது.

மூன்றாவது, மாற்றுவழியைப் பழகுவோம். லினக்ஸ் என்பது 1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கி, உலகெங்குமுள்ளோர் சேர்ந்து வளர்த்த கட்டற்ற மென்பொருள். பழைய கணினிகளில் ஓடக்கூடிய இலேசான பதிப்புகள் உண்டு, தமிழிலும் எழுதலாம். இத்துறையில் எம்மவர்க்கும் பெருமை உண்டு. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய எமது நாட்டுத் தொண்டர்கள் எழுதிய சஹானா என்னும் கட்டற்ற மென்பொருள், பின்னர் பிறநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

எமது நிலையத்தில் முதலில் இரண்டு கணினிகளுக்கு லினக்ஸ் பொருத்தப்பட்டது. ஒன்று எவ்விதத் தடையுமின்றி ஓடியது. மற்றதில் பிரின்டர் வேலை செய்ய மறுத்து, மூன்று நாட்கள் அருட்சகோதரியின் பொறுமையைச் சோதித்தது. பட்டணத்து அலுவலகங்களில் வேலை தேடப்போகும் பிள்ளைகள் விண்டோஸையும் அறிந்திருக்க வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் ஒரேயடியாய் மாற்றவில்லை.

நான்காவது, சேர்ந்து கேட்போம். கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம், பங்குச் சபை ஆகியன தனித்தனியே முணுமுணுப்பதை விட்டு, பாவனையாளர் என்ற முறையில் ஒரே கோரிக்கையை முன்வைக்க வேண்டும். விற்கப்படும் ஒவ்வொரு தொலைபேசிப் பெட்டியிலும் புதுப்பிப்பு முடியும் ஆண்டு அச்சிடப்படவேண்டும் என்பது நல்ல தொடக்கமாயிருக்கும்.

சில கிழமைகளின் பின் அந்த நிலையத்துக்கு மீண்டும் சென்றோம். அதே மாணவி கணினியின் முன் இருந்தாள். "பாதர், பதினாலாந் திகதி போயிட்டுது, இது இன்னும் ஓடுது" என்றாள். பின் சற்று யோசித்து, "அப்ப இது பழசு எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டாள்.

இக்கேள்வியை உங்கள் சங்கக் கூட்டங்களிலும் எடுத்துப் பேசும்படி அன்புடன் வேண்டுகிறோம்.