யூரியா சொல்லும் சேதி

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு போகிறது என்று ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது.) வயிற்றுப்புண் உள்ளே கசிகிறது என்று மருத்துவர் சந்தேகிக்கிறார். இவரைப் படுக்கையில் சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா? எண்டோஸ்கோபிக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பதற்கு முன்பே இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.

ஹீமோகுளோபினைப் பார்த்தால் போதாதா? தொடக்கத்தில் அது ஏமாற்றிவிடும். குடத்திலிருந்து பாதி மோரை ஊற்றிவிட்டால் மிச்ச மோர் நீர்த்துப்போவதில்லை, அளவுதான் குறைகிறது. தண்ணீர் சேர்த்த பிறகே நீர்க்கிறது. ரத்தமும் அப்படித்தான். இழந்த அளவை ஈடுகட்ட உடல் திசுக்களிலிருந்து நீரை இழுத்துச் சேர்க்கப் பல மணி நேரம் ஆகும். அதுவரை ஹீமோகுளோபின் அளவு பெரிதாக இறங்காது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆலிவர் பிளாட்ச்ஃபோர்டும் உடன் பணிபுரிந்தோரும் 2000இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மயக்கம், கறுப்பு மலம், கல்லீரல் நோய், இதயச் செயலிழப்பு ஆகியவற்றோடு யூரியாவையும் சேர்த்து, அதிகபட்சம் 23 மதிப்பெண். மதிப்பெண் கூடக் கூட ஆபத்தும் கூடும். இதில் என்னை வியக்க வைப்பது யூரியாதான். சிறுநீரகத்துக்குரிய அந்தப் பரிசோதனைக்கு இங்கே என்ன வேலை?

குடலுக்குள் இறங்கிய ரத்தம், குடலைப் பொறுத்தவரை இன்னொரு சாப்பாடு. ரத்தத்தில் புரதம் மிகுதி. குடல் அதைச் செரித்து உறிஞ்சிக்கொள்கிறது. அதிலுள்ள நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. ரத்தம் குறைந்த உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டமும் குறைவதால், அந்த யூரியா வெளியேறுவதும் மந்தமாகிறது. தன் ரத்தத்தையே தின்று செரித்த கணக்கை உடல் ஒரு சொட்டு ரத்தத்தில் எழுதி வைத்திருக்கிறது!

மதிப்பெண் பூஜ்யம் வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2009இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அப்படிப் போன 84 பேரில் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை.

குழாயை விட்ட பிறகு புண்ணே பேசும். அடிப்பகுதி வெண்மையாக, சுத்தமாக இருந்தால் நிம்மதி. நடுவில் சிறு மொட்டுப் போல ரத்தநாளம் துருத்திக்கொண்டிருந்தால், இப்போது ரத்தம் வராவிட்டாலும் மறுபடி பீறிடலாம். அதை அப்போதே கிளிப் போட்டோ, சூடு வைத்தோ அடைத்துவிடுவார்கள்.

ஆனாலும் சிலர் இறக்கிறார்கள். ஹாங்காங்கில் 10,000க்கு மேற்பட்ட ரத்தக்கசிவு நிகழ்வுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டபோது, இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேரின் உயிரைப் பறித்தது ரத்தக்கசிவே அல்ல, கூடவே இருந்த மற்ற நோய்கள் என்று தெரிந்தது. பிரிட்டனில் 1996இல் வந்த ராக்கால் என்ற இன்னொரு மதிப்பெண் முறையில் இதன் சாயல் முன்பே இருந்தது. அதில் ரத்தம் பீறிடும் நாளத்துக்கு 2 மதிப்பெண். செயலிழந்த சிறுநீரகத்துக்கு 3.