உமிழ்நீர்க் குழாயும் ஓர் எச்சரிக்கைக் கடிதமும்

கைத்தொலைபேசிக்கு விளையாட்டுச் செயலி ஒன்றைத் தயாரிப்பவர், அதில் பிழை இருந்தால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். மருத்துவத்தில் அப்படி முடியாது. பிழையான பெறுபேற்றை நம்பி ஒருவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால், பிறகு எதைத் திருத்துவது? தொழில்நுட்பத்தின் அவசரத்துக்கும் மருத்துவச் சட்டத்தின் நிதானத்துக்கும் இடையில் பல வருடங்கள் நின்றவர் அமெரிக்கத் தொழில்முனைவர் ஆன் வொஜிட்ஸ்கி.

யேல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்த இவர், பத்து வருடமளவில் சுகாதாரத்துறை முதலீடுகளை ஆராயும் வேலை பார்த்தார். 2006 இல் வேறு இருவருடன் சேர்ந்து கலிபோர்னியாவில் '23 அன்ட் மீ' என்ற கம்பனியைத் தொடங்கினார். மனிதக் கலத்திலுள்ள 23 சோடி நிறமூர்த்தங்களே பெயருக்குக் காரணம். (உயிரியல் பிரிவு மாணவிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.) தபாலில் ஒரு குழாய் வரும். அதில் உமிழ்நீரை இட்டு அனுப்பினால், டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட சில இடங்களைப் பரிசோதித்து, மூதாதையர் எப்பகுதியினர், எந்நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்று இணையத்தில் காட்டுவார்கள். 2007 இல் 999 டொலராக இருந்த விலை, 2012 இறுதியில் 99 டொலரானது.

2013 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இந்தப் பரிசோதனை ஒரு மருத்துவச் சாதனம், அனுமதி பெறாமல் விற்கக் கூடாது என்பதே அதன் சாரம். மார்பகப் புற்றுநோய் பற்றிய முடிவு பிழையானால் ஒரு பெண் தேவையற்ற சத்திரசிகிச்சைக்குப் போகலாம்; மருந்து பற்றிய முடிவைப் பார்த்து நோயாளி தானாகவே அளவை மாற்றலாம். கம்பனி பல மாதங்களாகத் தங்களுடன் தொடர்புகொள்ளவில்லை என்றும் அதிகாரிகள் குறைகூறினர். புதுமைக்கு அரசு தடைபோடுகிறது என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். எனக்கோ அதிகாரிகள் கேட்டது நியாயமாகவே படுகிறது.

வொஜிட்ஸ்கி கடையை மூடவில்லை. நோய் அறிக்கைகளை நிறுத்தி, மூதாதையர் விபரத்தை மட்டும் விற்றுக்கொண்டு, பரிசோதனையின் துல்லியத்தை நிரூபிக்கும் வேலையில் இறங்கினார். முடிவைச் சாதாரண மக்கள் சரியாக விளங்கிக்கொள்கிறார்களா என்றும் காட்ட வேண்டியிருந்தது. 2015 இல் ஒரு பரம்பரை நோய்க்கும், 2017 இல் பத்து நோய் நிலைமைகளுக்கும், 2018 இல் பி.ஆர்.சி.ஏ. பரம்பரையலகின் மூன்று மாற்றங்களுக்கும் அனுமதி கிடைத்தது. அந்தப் பரம்பரையலகுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் அறியப்பட்டுள்ளன. அந்த மூன்றும் பெரும்பாலும் அஷ்கெனாசி யூத வம்சத்தவரிடம் காணப்படுபவை. ஆகவே எங்களில் ஒருவருக்கு 'இல்லை' என்று முடிவு வந்தால், அதை வைத்து ஆபத்தில்லை என்று நிம்மதியடைய முடியாது. வைத்தியரைக் காண்பதற்கு அது ஈடுமல்ல.

கம்பனிக்குப் பெரிய அடி விழுந்தது வேறு பக்கத்திலிருந்து. 2023 இல், வேறு தளங்களில் திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு சுமார் 14,000 கணக்குகளுக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். உறவினரைத் தேடித்தரும் வசதியின் வழியாக அங்கிருந்து சுமார் 6.9 மில்லியன் பேரின் விபரங்கள் அவர்கள் கைக்குப் போயின. ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் பாவிக்கும் வழக்கம் எங்களிடமும் உண்டுதானே! கடவுச்சொல்லையாவது மாற்றலாம், டி.என்.ஏ.யை மாற்ற முடியாது. உமிழ்நீர் கொடுக்காத சகோதரியின் தகவலிலும் ஏறக்குறைய பாதி அதில் அடங்கியிருக்கிறது.

பரிசோதனையின் துல்லியத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்க ஓர் அதிகாரசபை இருந்தது. தகவலின் பாதுகாப்பை அதே கண்டிப்புடன் முன்கூட்டியே கேட்க எவரும் இருக்கவில்லை. வைத்தியசாலைகளையும் காப்புறுதிக் கம்பனிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க மருத்துவ இரகசியச் சட்டம், இப்படி நேரடியாக மக்களுக்கு விற்கும் கம்பனிகளைப் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை.

வியாபாரத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. வாழ்நாளில் ஒரு முறை செய்யும் பரிசோதனைக்கு, வாங்கியவர் திரும்ப வருவதில்லை. 2025 மார்ச்சில் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியபோது, சுமார் 15 மில்லியன் பேரின் பரம்பரைத் தகவலும் விற்பனைக்கு வந்த சொத்துகளில் ஒன்றானது. தரவை எப்படி அழிப்பது என்று கலிபோர்னியாவின் சட்டமா அதிபர் மக்களுக்கு நினைவூட்டினார். அதே வருடம் ஜூலையில், வொஜிட்ஸ்கி தலைமையிலான இலாப நோக்கற்ற நிறுவனமொன்று 305 மில்லியன் டொலருக்கு அதை வாங்கியது.