முன்காப்பே பெருஞ்சேமிப்பு

காஞ்சிப் பட்டின் மினுமினுப்பில் மயங்கும் நாம், அதற்கு நிறமேற்றும் சாயப்பட்டறையைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக. கொதிக்கும் சாயநீரில் நூற்கழிகளை முக்கியெடுக்கும் தொழிலாளியின் காலடியில் ஈரத்தரை. ஒருமுறை வழுக்கினால் உடல் வெந்துவிடும்.

பணியில் நேரும் காயத்திற்கு, தம்மீது தவறு இல்லாவிடினும் முதலாளியே இழப்பீடு தரவேண்டும் என 1923-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்நெறியையே ஏற்றது. நிரந்தர ஊனம் நேரின், அத்தொகை சிறு பட்டறையின் முதலையே விழுங்கிவிடக்கூடும்.

வழுக்காத தரை, ரப்பர் கையுறை, காலணி, அருகிலேயே குளிர்ந்த நீர்க்குழாய் ஆகியவற்றுக்கு ஆகும் செலவோ சொற்பம். பட்டறை உரிமையாளர்களே, தொழிலாளியின் உடல் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ? இழப்பீடு அவர் வீட்டில் உலையேற்றும். வெந்த கையை மீட்டுத் தருமா?